ராத்திரி வீட்டின் இரண்டு கதவுகள்

காணும் பொங்கலன்று மத்தியானம், வெயில் உச்சந்தலையில் நின்ற நேரத்தில், வில்லிக்குறிச்சி விலங்குப் பூங்காவிலிருந்து ராத்திரி வெளியே வந்து, டிக்கெட் ஜன்னலைத் தாண்டி, கரும்புச்சாறு வண்டியைச் சுற்றிக்கொண்டு, சரிவான சாலையில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்து போனது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காணும் பொங்கலென்றால் யார் யாரோ வருவார்கள், போவார்கள். இதுவும் யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி என்று ஊர் எடுத்துக்கொண்டது.

அந்த ராத்திரிக்குப் பொறுப்பாக இருந்தவள் பேச்சித்தாய். பூங்காவில் தீனி வெட்டிப் போட்டு, கூண்டு கழுவும் வேலையில் சேர்ந்து, பாதித் தலை நரைத்தவள். நம் மலைத் தேவாங்குகள் சிலவற்றை வாங்கிக்கொண்ட ஆஸ்திரேலியப் பூங்கா ஒன்று, பதிலுக்குத் தன் பக்கத்து ராப்பிராணிகளை விமானத்தில் ஏற்றி அனுப்பியபோது, அவற்றுக்கென்று ஜன்னலே இல்லாத நீளக் கட்டடம் ஒன்றை நகராட்சி கட்டியது. பகலெல்லாம் அதற்குள் விளக்கை அணைத்து வைப்பார்கள். ஊர் தூங்கும் நேரம் முழுக்கப் பளிச்சென்று எரியவிடுவார்கள். பிராணிகள் பகலை ராத்திரியென்று நம்பி எழுந்து நடமாடும், டிக்கெட் எடுத்தவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். ஊர் அதற்கு ராத்திரி வீடு என்று பேர் வைத்தது. வீட்டுக்கு இரண்டு கதவு, நடுவில் சின்னதாக ஓர் இருட்டு நடை. வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும் என்று இரண்டு கதவிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தது.

வந்த பிராணிகள் பெரும்பாலும் வயிற்றில் பை வைத்துக் குட்டியைச் சுமக்கிற சாதி. காகிதத்தில் இருந்த பேர்கள் பேச்சியின் நாக்கில் ஏறவில்லை. முயல்காதும் எலிமூக்குமாக ஓயாமல் மண்ணைத் தோண்டுகிற பில்பிக்குக் காதன் என்றும், கைகால்களுக்கு நடுவிலுள்ள தோலை விரித்துக் கிளைக்குக் கிளை மிதந்து போகும் சின்ன ஜோடிக்குப் பட்டங்கள் என்றும், உருண்டைக் கண்ணோடு வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு ஒரு பழத்தை அரை நாள் தின்கிற கஸ்கஸுக்குக் கசகசா என்றும் அவள் பேர் வைத்தாள். கூடவே வந்த தவளைவாய்ப் பறவை முறிந்த மரக்கொம்பு போலவே அசையாமல் இருந்ததால் அதற்குக் கட்டை. கரடிக்குட்டியையும் பன்றிக்குட்டியையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கி எடுத்தது போலிருந்த வொம்பாட்டுக்கு மட்டும் வடிவு என்று வைத்தாள்.

வம்பு அங்கேதான் வந்தது. பேச்சியின் புருஷனுடைய அக்காள் பேரும் வடிவு. குட்டையான, அகலமான, யாருக்கும் வழிவிடாத உடம்பு. “நாலு கால்ல திரியுத பண்ணிக்கு எம் பேரா?” என்று கேட்டவள் அன்றோடு பேச்சியிடம் பேசுவதை நிறுத்தினாள்.

“அது அம்மன் பேரு மதினி,” என்று பேச்சி சொல்லிப் பார்த்தாள்.

அப்படியும் காணும் பொங்கலுக்கு வடிவு மதினி பூங்காவுக்கு வரத்தான் செய்தாள். பேசாவிட்டால் என்ன, சுற்றிப் பார்க்கக் கூடாதா? ஒரு லாரி நிறையச் சொந்தக்காரர்கள், புளியோதரை நிறைந்த பெரிய பித்தளைக் குத்துப்போணி, பாய், தண்ணீர்க்குடம் எல்லாவற்றோடும் வந்து இறங்கினாள். மதினிக்கு ஒரு பழக்கம் உண்டு. சினிமாக் கொட்டகையோ கோயிலோ ஆஸ்பத்திரியோ, குடும்பத்தில் எல்லாரும் வந்து சேராமல் ஒரு வாசலையும் அவள் தாண்டியதில்லை, கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, “எல்லாரும் வந்தாச்சா?” என்று கடைசி ஆள் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர்கள் குடும்பத்தில் எந்தத் திருவிழாக் கூட்டத்திலும் ஒரு பிள்ளை தொலைந்ததில்லை. ராத்திரி வீட்டிலும் அப்படித்தான் நின்றாள். வெளிக்கதவுக்கு முதுகைக் கொடுத்தாள். உள்கதவுக்கு, புளியோதரை தீர்ந்து காலியான குத்துப்போணியை முட்டுக் கொடுத்தாள். குடும்பம் ரயில் மாதிரி நுழைந்துகொண்டே இருந்தது. கடைசிச் சித்தப்பா வாசலில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தார். சில்லறை வாங்கி அவர் வந்து சேர்வதற்குள் ராத்திரி மொத்தமும் அவரை உரசிக்கொண்டு வெளியே போயிருந்தது.

பின்கட்டில் சீனிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த பேச்சி ஓடி வந்தபோது, ராத்திரி வீடு கல்யாண மண்டபம் போல வெளுத்துக் கிடந்தது.

“யாரு ரெண்டு கதவையும் தொறந்து வச்சது?”

மதினி கூரையைப் பார்த்து, பொதுவாகச் சொன்னாள். “காத்தா இருக்கும்.” பிறகு போணியை எடுத்து மூடியைப் போட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தாள்.

ராத்திரி போன வழியே பிராணிகளும் போய்விட்டன. அவற்றுக்கு ராத்திரி எங்கேயோ அங்கேதான் வீடு.

மறுநாள் நிருபர்கள் செய்தி அனுப்பினார்கள். ஒரு நாளிதழ் அதை வானிலைப் பகுதியில் போட்டது, இன்னொன்று ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் போட்டது. ராத்திரி அதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தவசி அண்ணாச்சியின் டீக்கடைத் தகரக் கொட்டகையில் தொடங்கி, கல்யாண மண்டபம் வழியாக அரசு ஆஸ்பத்திரிச் சுவர் வரைக்கும் பரவி உட்கார்ந்துவிட்டது. தொட்டால் குளிர்ச்சியாகவும், அள்ளினால் கருப்பட்டிப் பாகு போலக் கொஞ்சம் இழுவையாகவும் இருந்தது. அள்ள முடிகிறது என்று தெரிந்த பிறகு வில்லிக்குறிச்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ராவெல்லாம் கண்விழித்த நர்ஸுகள் டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டு போய், பகலில் அறைக்குள் திறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். ரோந்துக் கான்ஸ்டபிள் தொப்பியில் வாங்கிக்கொண்டு போனார். ஜாமெட்ரி பாக்ஸில் கொண்டுவந்து கணக்கு வகுப்பில் திறந்துவிட்ட பையன்களைத் தலைமை ஆசிரியர் வெளியே நிற்க வைத்துவிட்டு, பறிமுதல் செய்ததைத் தன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோயிலுக்குள் ஒரு கீற்று வந்துவிட்டதால், எதற்கும் இருக்கட்டும் என்று குருக்கள் மத்தியானமே அர்த்தஜாம பூஜையை முடித்துச் சுவாமியைப் பள்ளியறைக்கு அனுப்பினார். சாயங்காலம் எழுப்பி, மறுபடியும் அனுப்பினார். நகராட்சிக் கூட்டத்தில் ராத்திரி எந்த வார்டுக்குச் சொந்தம் என்று இரண்டு கவுன்சிலர்கள் நாற்காலியைத் தூக்கினார்கள். தூக்கிய இடத்தில் இருட்டாக இருந்ததால் யார் மேல் போடுவதென்று தெரியாமல் திரும்ப வைத்தார்கள்.

பிராணிகளையும் ஊர் அப்படியேதான் சேர்த்துக்கொண்டது. பட்டங்கள் இரண்டும் கல்யாண மண்டபத்தில் தங்கி, பெண்ணின் மாலையிலிருந்து மாப்பிள்ளையின் மாலைக்கு மிதந்து பூவிலே தேன் குடித்தன. மாலை மாற்றும்போது அவை குறுக்கே பறந்தால் நல்ல சகுனம் என்று முகூர்த்தத்தைத் தள்ளிவைத்துக் காத்திருந்தவர்களும் உண்டு. காதன் பீடிக் கம்பெனி வளாகத்தைக் குழியும் மேடுமாக்கியது. குழியெல்லாம் வாழைக்கன்று வைக்கத் தோதாக இருந்ததால் யாரும் புகார் சொல்லவில்லை. டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் உட்கார்ந்திருந்த கட்டையின் கழுத்தில் மின்வாரிய லைன்மேன் பையை மாட்டிவிட்டு வேலை பார்த்தார். வேலை முடியும்வரை அது அசையவில்லை. இவ்வளவு ஒத்துழைக்கிற உதவியாளர் தன் சர்வீஸில் கிடைத்ததில்லை என்று ஆபீஸில் போய்ச் சொன்னார்.

கசகசா டீக்கடை வாழைத்தாரோடு தாராகத் தொங்கியது.

“அண்ணாச்சி, ராத்திரிக்குள்ள ஒக்காரவா, வெளியில ஒக்காரவா?”

“உள்ளயே ஒக்காரு. பழத்தப் பாத்துப் பிய்யி. ஒண்ணு மட்டும் கடிக்கும்.”

ஊர் இப்படிச் சந்தோஷமாக இருந்தபோது பேச்சித்தாய் மட்டும் ராத்திரி வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தாள். வடிவு போகவில்லை. வொம்பாட் வடிவு, ராத்திரி வீட்டு மண்மேட்டில் தான் தோண்டிய வளைக்குள்ளேயே கிடந்தது. ராத்திரி வெளியேறியபோது மற்றவை ஓடின. இது வளையின் வாயைத் தன் கெட்டிப் பின்புறத்தால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பேச்சிக்குக் காரணம் தெரியும். வொம்பாட்டின் பை பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும், தாய் தோண்டும்போது மண் குட்டி மேல் விழாமலிருக்க. அந்தப் பைக்குள் கொஞ்ச நாளாகவே ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. மேட்டில் ஏறும்போது வடிவின் வயிறு ஆடுகிற ஆட்டத்திலேயே பேச்சி கண்டுபிடித்திருந்தாள். இருட்டினால்தான் வடிவு இரை தின்ன வெளியே வரும். இருட்டு வீட்டில் இல்லை.

கண்காணிப்பாளர் ஞானராஜ் நல்ல மனிதர். தன்னால் ஆனதெல்லாம் செய்தார். இரண்டு கதவையும் சாத்தினார், மெயின் ஸ்விட்சை அணைத்தார், பல்புகளைக் கழற்றினார், கூரைமேல் தார்ப்பாய் போட்டார், சுவருக்குக் கறுப்புச் சாயம் அடித்தார். சுவர் கறுப்பானது, வெளிச்சம் அப்படியே நின்றது.

“எல்லாத்தையும் கழட்டியாச்சே பேச்சி, இன்னும் எங்கருந்து வருது?”

“இது பல்பு வெளிச்சம் இல்ல சார். காணும் பொங்கல் மத்தியானம். உள்ள வந்து ஒக்காந்துட்டு.”

ஞானராஜ் மோந்து பார்த்தார். கரும்புச்சாறு வாசம் அடித்தது. காதைக் கூர்மையாக்கினால் பலூன்காரனின் பீப்பீகூடக் கேட்டது.

வடிவை வளையிலிருந்து வெளியே இழுத்துப் போட்டால் வெளிச்சத்துக்கு மிரண்டு தாய்க்குப் பால் வற்றிவிடும் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சி மண்ணில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் வளைக்குள் கையை விட்டாள். சீனிக்கிழங்கு வைத்தது வைத்தபடி கிடந்தது. விலா எலும்பு விரலில் தட்டியது. கீழே, பை இருக்கும் இடத்தில், உள்ளேயிருந்து ஏதோ ஒன்று பலமில்லாமல் உதைத்தது.

அவள் எழுந்து மண்ணைக்கூடத் தட்டாமல், தீனி கொண்டுவரும் மூன்று சக்கர வண்டியில் காலி டிரம்களை ஏற்றி ஊருக்குள் மிதித்தாள். ஈயம் பூசுகிறவர்கள் கூவுவது போல ஒவ்வொரு தெருவிலும் கூவினாள். “ராத்திரி எடுத்தவங்க குடுங்க! எடுத்த ராத்திரியக் குடுங்க!”

நர்ஸ் ஒருத்தி டிபன் பாக்ஸைக் கவிழ்த்துக் காட்டினாள். “அதுல தூங்கிட்டேனேக்கா. தூங்கின ராத்திரிய எப்படித் திருப்பித் தர?”

பையன்கள் விளையாடித் தீர்த்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் தன்னிடம் அப்படியொன்று இல்லவே இல்லை என்றார், கொட்டாவி விட்டபடி. தவசி அண்ணாச்சி கடையில்தான் நிறைய மிச்சமிருந்தது. அவர் கல்லாவில் கையை வைத்துக்கொண்டு பேச்சியைப் பார்த்தார்.

“இப்பதான் நாலு பேரு கடைக்கு வாரான். பொழப்புல கை வைக்கியே தாயி.”

“அதுக்குள்ள குட்டி கெடக்கு அண்ணாச்சி.”

“எதுக்குள்ள?”

“வடிவுக்குள்ள.”

பக்கத்துப் பெஞ்சிலிருந்த கிழவர் திடுக்கிட்டு, “இந்த வயசுலயா?” என்றார். பேச்சி அவருக்கு எந்த வடிவு என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கி முடிப்பதற்குள் அண்ணாச்சி அடுப்பை அணைத்துவிட்டு, ராத்திரியின் ஒரு ஓரத்தைப் பிடித்துக் கல்யாண வீட்டு ஜமுக்காளம் போலச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். வாழைத்தாரிலிருந்து இறங்கிய கசகசா, டிரம்மின் கைப்பிடியில் வாலைச் சுற்றிக்கொண்டு தானும் கிளம்பியது. மண்டபத்திலிருந்து பட்டங்கள் வந்தன. காதன் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. கட்டையை மட்டும் லைன்மேன் கொண்டுவந்து விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வெளிக்கதவைச் சாத்தி, உள்கதவைத் திறந்து, டிரம் டிரம்மாக ஊற்றினார்கள். (அன்றைக்குத் தொற்றிய பழக்கம் ஊரைவிட்டுப் போகவில்லை, இன்றும் வில்லிக்குறிச்சியில் ஒரு கதவைச் சாத்தாமல் மறுகதவைத் திறக்க மாட்டார்கள், டவுன் பஸ்ஸில் முன்வாசல் கூட்டம் ஏறி முடியும்வரை பின்வாசல் கூட்டம் கீழே நிற்கும்.) ஆனால் ஊர் தின்றது போக மீந்த ராத்திரி, வீட்டுத் தரையில் கணுக்கால் அளவுக்கே நின்றது. வளை மண்மேட்டின்மேல் இருந்தது.

தவசி அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த ராத்திரியில் நின்றபடி யோசித்தார். “ஏம்மா, ராத்திரியேதான் வேணுமா? வெறும் இருட்டு போதாதா?”

“இருட்டாயிருந்தா போதும் அண்ணாச்சி. அதுக்கு என்ன தெரியும்.”

அப்புறம்தான் ஊரில் எவ்வளவு இருட்டு இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்தது. பரணில் கவிழ்த்த அண்டாவுக்குள் இருந்த இருட்டு வந்தது, கட்டிலடி இருட்டு வந்தது, அரிசிப் பானை இருட்டு, புளிப் பானை இருட்டு, கல்யாணப் புடவை வைத்த டிரங்குப் பெட்டியின் பாச்சை உருண்டை வாசமடிக்கும் இருட்டு எல்லாம் வந்தன. பீடி சுற்றும் பெண்கள் இலைச் சாக்கை உதறி அதற்குள் இருந்ததைக் கொட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எக்ஸ்ரே அறை இருட்டு உயர்ந்த ரகமாக வந்தது. கருவறை மூலையில் எந்த விளக்கும் தொட்டிராத எண்ணெய்ப் பிசுக்கு இருட்டைக் குருக்கள் ஒரு சொம்பில் ஏந்தி வந்தார். நகராட்சி ரிக்கார்டு அறையிலிருந்து வந்த இருட்டைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். தலைமை ஆசிரியர் கரும்பலகைக்குப் பின்னாலிருந்து எடுத்ததாகச் சொல்லி ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார். இருட்டு முழங்காலுக்கு ஏறியது, மேட்டில் ஏறியது, வளையின் வாயைத் தொட்டது. உள்ளே மண் சரியும் சத்தம் கேட்டது. வடிவு திரும்பிப் படுத்தது. மூக்கு வெளியே வந்தது. மூக்குக்குமேல் ஒரு சாண் உயரத்தில் காணும் பொங்கல் மத்தியானம் இன்னும் நின்றது. கண்ணில் பட்டதும் மூக்கு உள்ளே போய்விட்டது.

ஊரில் சுரண்ட இனி இருட்டு இல்லை. பேச்சி மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குட்டி இன்னும் உதைக்கிறதா என்று கை விட்டுப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போது வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நடையில் பல பேர் நெரிசலாக நிற்கும் மூச்சும் வளையல் சத்தமும் கேட்டன. பிறகுதான் உள்கதவு திறந்தது. குத்துப்போணியை இடுப்பில் வைத்துக்கொண்டு வடிவு மதினி நின்றாள். போணியின் மூடியை ஒரு துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. பேச்சி போணியைப் பார்த்தாள். கதவு அழுத்திய இடத்தில் அதன் வாய் நெளிந்திருந்ததையும் பார்த்தாள்.

“மதினி, அந்தப் போணி…”

“புளியோதரைப் போணிதான். வேற என்ன?” மதினி துண்டை அவிழ்த்தாள். “கட்டிலுக்கு அடியில கெடந்துது. தொறக்கல. தொறந்தா என்ன ஏதுன்னு நாலு பேரு கேப்பான்.”

காணும் பொங்கலன்று கதவு திறந்ததும் ராத்திரி முதலில் விழுந்தது அந்தப் போணிக்குள்தான். யாரும் தூங்காத, விளையாடாத, இன்னொன்றோடு கலக்காத ராத்திரி. மூடியைத் திறந்தபோது நனைந்த இலை வாசமும், வில்லிக்குறிச்சியில் யாரும் கேட்டிராத பூச்சிகளின் சத்தமும் வெளியே வந்தன. மத்தியானம் கடைசியாக ஒருமுறை பீப்பீ ஊதிவிட்டு அணைந்தது.

கும்மிருட்டு. கொஞ்ச நேரத்தில் மேட்டில் கனமான காலடி நாலு விழுந்தது. பிறகு கறுக் மொறுக்கென்று சீனிக்கிழங்கு கடிபடும் சத்தம். பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருட்டுக்குக் கண் பழகியதும் எல்லாருக்கும் அதன் உருவம் தெரிந்தது, மதினிக்கும் தெரிந்தது.

“ஏட்டி பேச்சி,” மதினி கிசுகிசுத்தாள். “இதப் பாத்தா என்னய மாதிரியாட்டி இருக்கு?”

“பாக்க இல்ல மதினி. அது நிக்கிறதுதான் ஒங்கள மாதிரி. உள்ள ஒண்ணு இருந்தா, வாசல்ல முதுகக் குடுத்து நின்னுக்கிடும். யாரு வந்தாலும் நகராது.”

மதினி முந்தானையைச் சரிசெய்தாள். பின்னால் நடையில் நெருக்கிக்கொண்டிருந்த குடும்பத்தை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து நிறுத்தி, கடைசியாக வேர்க்கடலைச் சித்தப்பாவையும் இழுத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

“எல்லாரும் வந்தாச்சா?”

“இன்னும் ஒண்ணு பாக்கி மதினி,” என்றாள் பேச்சி.

வடிவு கிழங்கைத் தின்றபடி அவர்களுக்கு முதுகு காட்டித் திரும்பியது. பின்னங்கால்களுக்கு நடுவிலிருந்து ஒரு சின்ன மூக்கு வெளியே வந்தது. புளியும் பாச்சை உருண்டையும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த ஊர் இருட்டை அது ஒருமுறை மோந்து பார்த்து, தும்மியது.

“ம். வந்தாச்சு,” என்றாள் மதினி.